என்.ஜி. அஹூயா

1999 பிப்ரவரி 9, செவ்வாய்

தவறுகள்: ஒன்று.

லஸ் பக்கம் நான் போகிற மாலை டைப்பிங் கிளாஸில், அடித்து முடித்த தாளின் மேல்மூலையில் தவறுகளின் எண்ணிக்கையை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். குறைத்து எழுதினால் மிஸ் சிவப்பு மையில் இரட்டிப்பாக்கிவிடுவார். அந்தப் பழக்கம் இந்த டைரிக்கும் வந்துவிட்டது.

இன்றைய தவறு சின்னது. அத்தாவின் தையல் கடை ஆர்டர் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் தப்பாக எழுதினேன். அவள் தன் பெயரை ஒரு துண்டுத் தாளில் இங்கிலீஷில் எழுதித் தந்தாள். முதல் எழுத்து என், அடுத்தது ஜி. அதற்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது. நம் ஊரில் யாராக இருந்தாலும் இனிஷியல் என்றுதானே நினைப்பார்கள். 'என்.ஜி. அஹூயா' என்று எழுதினேன். சந்தேகம் தீரட்டுமே என்று, "என்-ங்கிறது அப்பா பேரா, ஊர்ப் பேரா?" என்றும் கேட்டுவைத்தேன்.

கூட வந்திருந்த ராஜகோபாலன் சார் அவளுக்கு அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியிலேயே சிரித்துவிட்டார். "இனிஷியல் இல்லேம்மா. முழுப் பேரே அதான்."

அடித்துவிட்டுச் சரியாக எழுதப் பார்த்தேன். அவள் சொன்ன பெயரின் முதல் ஒலி என் காதில் பிடிபடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ராஜகோபாலன் சார் மயிலாப்பூர்க்காரர். பல வருஷமாகப் பேண்ட் தைக்க அத்தாவிடம்தான் வருவார். வாலிபத்தில் ரக்பி ஆடியவராம். இன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவர் தி. நகர்க் கடைக்குள் நுழைந்தபோது பின்னாலேயே இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பெரிய பை. ஒருவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தோள் அகலம். பெயர் மெரே. குழுவின் தலைவி. இன்னொருத்தி என் வயதுதான், பத்தொன்பது. அவள்தான் நான் இனிஷியல் போட்ட பெண்.

"பாய், இவா நியூசிலாந்து. மாவோரின்னு அந்த ஊரோட பூர்வகுடி. ரக்பி ஆடறா."

"கிரிக்கெட்டா சார்?" என்றார் ஷஃபியுல்லா அண்ணன், மெஷினை நிறுத்தாமலே. கடையில் அத்தாவுக்கு அடுத்தபடி அவர்தான்.

"கபடிக்கும் ஃபுட்பாலுக்கும் கல்யாணம் பண்ணி, கல்யாணத்துல சண்டை வந்தா எப்படி இருக்கும்? அதான் ரக்பி. இது ஏழு பேர் ஆடற ஆட்டம்."

விஷயம் இதுதான். அடுத்த வாரம் சிங்கப்பூரில் இவர்களுக்குப் போட்டி. டிக்கெட்டுக்கு முழுப் பணம் சேராததால் முதலில் இங்கே வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிண்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் நம் ஊர்க் கபடிப் பெண்களோடு கலந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடிக் காட்டினால், ராஜகோபாலன் சாரின் நண்பர்கள் டிக்கெட்டில் ஒரு பங்கைத் தருவதாக ஏற்பாடு. பத்துப் பேரும் பெசன்ட் நகரில் சாருடைய தங்கையின் காலி ஃப்ளாட்டில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். மெரே பஸ் ஓட்டுகிறவர். சின்னவள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் தரை பெருக்குகிறாள். மீதிப் பணத்துக்கு, மண்ணுக்குள் குழி வெட்டி இறைச்சியும் கிழங்கும் வேகவைத்துப் பொட்டலம் கட்டி ஒரு வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை விற்றிருக்கிறார்கள்.

பைகளில் பத்துக் கறுப்பு ஜெர்சிகள். பத்து வருஷத்துப் பழசு. ஆட்டத்தில் காலரைப் பிடித்து இழுத்து இழுத்து எல்லாவற்றிலும் காலர் கிழிந்து தொங்குகிறது. ஒருவர் விரல் மாட்டினால் கழுத்தே போய்விடும். இப்படியே சிங்கப்பூருக்குப் போனால் நடுவர் மைதானத்துக்குள் விட மாட்டாராம். புது ஜெர்சி வாங்கப் பணம் இல்லை.

அத்தா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "துணி உயிரோட இருக்கு சார். காலர்தான் போச்சு. மொத்தமா பிரிச்சுட்டு, உள்பட்டியோட புதுசா வச்சுத் தரேன். வியாழக்கிழமை காலையில."

டீ வந்தது. அத்தா ஜெர்சிகளை டீ வைத்த மேஜைமேலேயே அடுக்கினார். மெரே மெதுவாக எடுத்து ஸ்டூலில் வைத்தார். மேலே போடும் துணியைச் சாப்பிடுகிற இடத்தில் வைக்கமாட்டார்களாம். கூலிப் பேச்சை அத்தாவும் சாரும் வாசலில் தனியாக முடித்துக்கொண்டார்கள்.

பிரிக்கிற வேலை என்னுடையது. மாதிரிக்காக முதலில் சின்னவளின் ஐந்தாம் எண் ஜெர்சியைப் பிரித்தேன். காலரின் உள்பட்டியில் மங்கிய மையில் ஏதோ எழுதியிருந்தது. என், ஜி, அப்புறம் 89. ஷஃபியுல்லா அண்ணனிடம் காட்டினேன்.

"டோபி மார்க்கு பாப்பா. அவங்க ஊர்ல மட்டும் வண்ணான் இல்லாமலா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் நாளைக் காலை மாதிரிக் காலரை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகப் போகிறேன். ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

1999 பிப்ரவரி 10, புதன்

தவறுகள்: இல்லை.

இப்படி எழுதுவது இந்த மாதத்தில் முதல் தடவை. மூன்று முறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாதிரிக் காலரோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். மைதானத்துக்குத் தனியாக வாடகை கொடுக்க முடியாததால் ஊரூர் குப்பத்துப் பக்கம் மணலில் பயிற்சி செய்கிறார்கள். வலைக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்கள் வியாபாரத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி இது, பந்தைப் புடிச்சுக்கினு இவ ஓடறா, இவளைப் புடிச்சுக்கினு அவ வுழறா. சண்டையா ஆட்டமா?"

"ஆட்டந்தான். வுழுந்துட்டு சிரிக்கறா பாரு."

"எம்மருமவளும் சிரிச்சுக்கினுதான் சண்டைக்கு வரா."

பந்து உருண்டு வந்து கூடையில் இடித்தது. அந்த அம்மா எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் திருப்பி வீசினார். நல்ல தூரம் போனது. மெரே கை தட்டினார். "நானும் வரட்டா சிங்கப்பூரு?" என்று அந்த அம்மா கத்த, மற்றவர், "மீனை யாரு விப்பா, உங்கப்பனா?" என்றார்.

சின்னவள் வந்து கழுத்தைக் காட்டினாள். மாதிரி சரியாக உட்கார்ந்தது. ஒரு விரல் இடம் விடச் சொல்லிச் சைகை காட்டினாள். குறித்துக்கொண்டேன்.

கேட்க நினைத்த கேள்வியை பஸ்ஸிலேயே இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறக்கும் நேரத்தில் ஒரு குழப்பம். பட்டியில் இருப்பது இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும். அப்படியானால் 'திஸ்' என்று கேட்க வேண்டுமா, 'தீஸ்' என்றா? 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? போன வாரம்தான் கிளாஸில் இதே இடத்தில் தப்பு செய்து எல்லோரும் சிரித்தார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவள் ஓடிவிட்டாள். டோபி மார்க்கைப் பற்றிக் கேட்காததால் என்ன ஆகிவிடப் போகிறது.

கடைக்கு வந்து மீதி ஒன்பதையும் பிரித்தேன். எல்லாப் பட்டியிலும் அதே மாதிரி இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு எண். ஒரு நூல்கூட ஜெர்சியில் தங்கவில்லை. பத்துப் பழைய காலர், பத்துப் பழைய பட்டி, சரிபார்த்து வெட்டுத்துணி மூட்டையில் போட்டேன். நான்கு மணிக்கு, வெட்டுத்துணி வாங்கும் தனபாலன் ட்ரைசைக்கிளில் வந்து மூட்டையை எடுத்துப் போனார். வாராவாரம் புதன்கிழமை அவர் வருவார். அத்தாவும் அண்ணனும் புதுக் காலர் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டார்கள். உள்ளே பால் போல வெள்ளைப் பட்டி. குறி எதுவும் இல்லை.

"புதுச் சட்டை தோத்துப் போயிரும்," என்றார் அத்தா.

1999 பிப்ரவரி 11, வியாழன்

தவறுகள்: ஒன்று. தேதி நேற்று. நேற்றைய பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியதை அடிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

காலை ஒன்பதரைக்கு ராஜகோபாலன் சாரோடு மெரே, சின்னவள், இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஜெர்சிகளைப் பார்த்ததும் ஒருத்தி விசிலடித்தாள். இரண்டு பேர் காலரின் இரண்டு முனையைப் பிடித்து, கயிறு இழுக்கும் போட்டி போல இழுத்தார்கள். தையல் அசையவில்லை. அத்தா மீசைக்குள் சிரித்தார்.

சின்னவள் ஐந்தாம் எண்ணை எடுத்துக் காலரை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். பிறகு இன்னொரு ஜெர்சியை எடுத்துப் பார்த்தாள். அவள் ஏதோ சொன்னாள், சின்னக் குரலில். உடனே எல்லோரும் காலரைத் திருப்பினார்கள். ஷஃபியுல்லா அண்ணன்கூட மெஷினை நிறுத்திவிட்டார்.

மெரே சாரிடம் கேட்டார். சார் அத்தாவிடம், "பழைய பட்டியெல்லாம் எங்கேன்னு கேக்கறா, பாய்."

அத்தாவுக்கு இன்னும் புரியவில்லை. "எல்லாம் எடுத்தாச்சு சார். வண்ணான் குறிகூட இல்லாம சுத்தமா..."

மெரே பேசப் பேச, சார் துண்டு துண்டாகச் சொன்னார். "அது குறி இல்லையாம் பாய். பேராம். ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக்குப் போகப் பதினாலு பேரைத் தேர்ந்தெடுப்பா. பணம் பத்துப் பேருக்குத்தான் சேரும். மீதி நாலு பேர் நின்னுடணும். நின்னவா தன் கையால பேரோட முதல் ரெண்டு எழுத்தை, வருஷத்தோட, அந்தப் பட்டியில எழுதிடுவா. ஆள் போக முடியலேன்னாலும் பேர் போறது. அதனாலதான் புது ஜெர்சி வாங்காம இதையே..."

அத்தா என்னைப் பார்க்கவில்லை. யார் பிரித்தார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் டோபி மார்க்குன்னு..." என்று ஆரம்பித்தார்.

"பிரிச்சது நான்," என்றேன். "நேத்துக் காலையில கேட்டிருக்கணும். கேக்க வந்தேன். கேக்கல."

சார் இதை மொழிபெயர்த்தாரா, இல்லையா என்று தெரியவில்லை. சின்னவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் எண்ணில் இருந்தது அவளுடைய அம்மாவின் பெயர்.

"தனபாலன் மூட்டையைப் பிரிச்சிருக்க மாட்டான். கெளம்பு பாப்பா," என்றார் அண்ணன்.

மாம்பலத்திலிருந்து கிண்டிக்கு ரயிலில் போனோம். அண்ணன், நான், சின்னவள். பெண்கள் பெட்டியில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். சைதாப்பேட்டை தாண்டியதும் கேட்டேன். திஸ்ஸும் இல்லை, தீஸும் இல்லை. "யுவர் மதர் நேம்?" என்று தப்பாகவே கேட்டேன்.

அவள் சொன்னாள். முதல் ஒலி மறுபடியும் நழுவியது. அவள் வாயைத் திறந்து, நாக்கின் பின்பக்கம் மேலே ஒட்டுவதைக் காட்டி, அந்த ஒலியை மட்டும் நீட்டினாள். ங்ங்ங். எனக்கு ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஙஙா ஙிஙீ என்று மொத்த வகுப்பும் கத்துவோம். 'ஙப்போல் வளை'யைத் தவிர, அந்த வரிசையில் தொடங்கும் சொல் ஒன்றுகூடப் பாடப் புத்தகத்தில் வரவில்லை. எதற்கு இந்த எழுத்தைப் பன்னிரண்டு விதமாக எழுத வைக்கிறார்கள் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

பையிலிருந்த ஆர்டர் புத்தகத்தை எடுத்து, 'என்.ஜி. அஹூயா'வுக்குக் கீழே 'ஙஹூயா' என்று எழுதினேன். அடுத்த வரியில் அவள் அம்மா: 'ஙைரே'. வாசித்துக் காட்டினேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு அந்த எழுத்தை விரலால் தொட்டு, தன் உள்ளங்கையில் ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். பட்டியில் நான் பார்த்தது இரண்டு எழுத்து. அவளுக்கு அது ஒரே எழுத்து. எனக்கும் ஒரே எழுத்துதான்.

தொழிற்பேட்டையில் தனபாலனின் ஷெட்டைக் கண்டுபிடித்தோம்.

"இன்னா பாய், வேஸ்ட்டைக் குடுத்துட்டு வேஸ்ட்டைத் தேடிக்கினு வந்துகீற? இது யாரு, ஃபாரின் பொண்ணா? பாத்தா நம்ம சைதாப்பேட்டைப் பொண்ணு மாதிரி கீது."

"வாயை மூடிட்டு மூட்டையக் காட்டுப்பா. வெள்ளைப் பட்டி, பத்து."

"மூட்டை கீது. மேலாக கொஞ்சம் அள்ளி எதுத்தாப்புல லேத்துக்குக் குடுத்துட்டேன். காலையில மெஷின் தொடைக்க."

மூட்டையைத் தரையில் கவிழ்த்து மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தோம். கொஞ்ச நேரத்தில் தனபாலனும் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பட்டியாக எடுத்து ஙஹூயாவிடம் கொடுத்தேன். அவள் எழுத்துகளைப் படித்து, அந்தப் பெண்ணின் பெயரையும் அது எந்த எண் ஜெர்சி என்பதையும் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டாள். நானும் கூடவே புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஒன்பது கிடைத்தன.

பத்தாவது எதிர் பட்டறையில் இருந்தது. லேத்துக்குக் கீழே டின்னில், கிரீஸும் இரும்புத் தூளுமாக, சுருண்டு கிடந்தது. பாதி அறுந்திருந்தது. கிரீஸ் கறுப்பில் எந்த எழுத்தும் தெரியவில்லை. எண்ணிக்கையை வைத்துத்தான் அது ஐந்தாம் எண்ணுடையது என்று சொல்ல முடிந்தது. பட்டறைக்காரர் மண்ணெண்ணெயில் அலசித் தந்தார். கறுப்பு போனது, அதோடு மிச்சமிருந்த மையும் போனது.

அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "எழுத்து ரெண்டுதானே. புதுப் பட்டியில நாமளே எழுதிட்டா?" ஙஹூயா தலையசைத்து மறுத்தாள். தன் கையால் எழுத வேண்டும். அதுதான் வழக்கம். மற்ற ஒன்பதும் இருக்க, ஐந்தாம் எண் மட்டும் வெறும் பட்டியோடு சிங்கப்பூர் போக வேண்டியதுதான். பத்து வருஷம் முன்னால் அவள் அம்மா ஊரில் நின்றுவிட்டாள். இந்தத் தடவை நிற்கப் போவது அம்மாவின் பெயர்.

திரும்பும் ரயிலில் யோசித்தேன். கிளாஸில் டைப் அடித்த கடிதங்களில் தினமும் வருகிற ஒரு வரி: 'தங்கள் ஃபேக்ஸ் கிடைத்தது.' கையெழுத்து போடும் தாள்களை அப்படித்தான் அனுப்புவார்கள். அவள் அம்மா தன் கையால் எழுதி ஃபேக்ஸில் அனுப்பினால் அதுவும் அவர் கையெழுத்துதானே. இது சரியா, கேலிக்கு இடமாகுமா என்று வழக்கம்போல நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன். கிண்டியில் ஏறும்போது தொடங்கிய யோசனையை மாம்பலத்தில் இறங்கும்போதுதான் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

கடையில் காத்திருந்த மெரே இதைக் கேட்டதும் எழுந்து நின்றார். ராஜகோபாலன் சார் எங்களைப் பாண்டி பஜார் எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போனார். நமக்கு மத்தியானம் ஒன்றரை. அங்கே இரவு ஒன்பது. ஙஹூயா மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு அவசர அவசரமாகப் பேசினாள். திடீரென்று மறுமுனையிலிருந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கே கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அது நிற்கவே இல்லை. சீக்கிரம் முடிக்கச் சொல்லி மகள் கெஞ்சுவது தெரிந்தது. போனை வைத்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சார் கேட்டுச் சொன்னார். "ஙைரே சொன்னாளாம்: பத்து வருஷமா என்னை எந்த நாட்டுக்கும் சேர்த்துக்கலே. பேர் தனியாப் போயி மெஷின் தொடைக்கற வேலையே தேடிண்டுடுத்தேன்னு."

"நல்ல பொம்பள," என்றார் அத்தா.

ஙைரே ஊர்ப் பள்ளிக்கூட ஆபீஸ் ஃபேக்ஸிலிருந்து அவர்களுடைய வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்புவார். நமக்கு அது காலை. ஃபேக்ஸ் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும் என்று பூத்காரர் எச்சரித்தார். அதனால் அதையே வைத்துத் தைக்க முடியாது. எழுத்தைப் பட்டியில் படியெடுத்து, அதன்மேல் நூல் ஓட்ட வேண்டும்.

சாயங்காலத்துக்குள் அத்தாவும் அண்ணனும் ஒன்பது ஜெர்சியின் கழுத்தைக் கொஞ்சமாகப் பிரித்து, பழைய பட்டியைப் புதுப் பட்டிமேல் வைத்துத் தைத்துவிட்டார்கள். எந்தப் பட்டி எந்த எண்ணுக்கு என்று என் புத்தகத்தைப் பார்த்துத்தான் தைத்தார்கள். இரண்டு தடவை சரிபார்த்தேன். இன்று கிளாஸுக்குப் போகவில்லை.

நாளை:

காலை ஏழு மணிக்கு பூத் திறந்ததும் ஃபேக்ஸை வாங்க வேண்டும். கார்பன் வைத்து எழுத்தை ஐந்தாம் எண் பட்டியில் படியெடுக்க வேண்டும். கறுப்பு நூல், ஒற்றை இழை, கைத் தையல். எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே தைக்க வேண்டும், நேராக்கக் கூடாது. ஜும்மாவுக்குக் கடை அடைப்பதற்குள் ஙஹூயாவிடம் ஜெர்சியைக் கொடுக்க வேண்டும்.